எத்தனை டன்?

பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வேலை பார்த்த கட்டடத்தின் மொட்டைமாடியில் ஓர் ஏர் கூல்டு சில்லர் இருந்தது. லாரி நீளம். மேலே வானம் பார்த்தபடி வரிசையாக மின்விசிறிகள். "எவ்ளோ பெருசுண்ணே இது?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "எரநூறு டன்னு சார்." கட்டடம் தாங்குமா என்று பயந்துவிட்டேன். அவர் சிரித்தார். "வெயிட்டு இல்ல சார், கூலிங் டன்னு."

அந்த டன் ஐஸின் டன். 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வேகம்தான் ஒரு டன், சுமார் 3.5 கிலோவாட். குளிர்ச்சியை எடைபோட்டு விற்ற காலத்தின் மிச்சம் அது.

பாஸ்டன் வணிகர் ஃப்ரெடெரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் 180 டன் ஐஸ் அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக வந்துசேர்ந்தது ஏறக்குறைய 100 டன். மெரினா எதிரே அவரது கிடங்கு 1842இல் எழுந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்த வட்டாரத்தை இன்னும் ஐஸ் ஹவுஸ் என்கிறோம். இந்தியாவிலேயே நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் படுத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கல்கத்தாவில் ஐஸ் இறங்கிய மறு ஆண்டே, 1834இல், ஜேக்கப் பெர்கின்ஸ் லண்டனில் குளிர்சாதனக் காப்புரிமை பெற்றுவிட்டார். மொட்டைமாடியில் ஓடுவது அதே சுற்றுதான். குளிர்பொருள் கொதித்து ஆவியாகும்போது தண்ணீரின் வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது; 12 டிகிரியில் வந்த தண்ணீர் 7 டிகிரியாகி ஒவ்வொரு தளத்துக்கும் போகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை நெருக்கிச் சூடாக்க, விசிறிகள் இழுக்கும் வெளிக்காற்றில் அது வெப்பத்தை விட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு ஒரு சிறு வால்வின் வழியே அழுத்தம் குறைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது.

இன்னொரு வகைக்குக் கூலிங் டவர் வேண்டும். மின்சாரம் குறைவு, ஆனால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை மறக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் டேங்கர் லாரி வராமல் கூலிங் டவர் நின்றுபோனது. எங்களுடையது ஓடியது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு மதியம் எங்களுடையதும் நின்றது. ஹை பிரஷர் ட்ரிப். கொதிக்கும் காற்றில் வெப்பத்தைத் தள்ள முடியாமல் இயந்திரம் திணறியிருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால், மெக்கானிக் அண்ணன் ரப்பர் குழாயைப் பிடித்துக் காயில்மீது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"இதுக்குத் தண்ணியே வேணாம்னீங்களே?"

"பேப்பர்ல வேணாம் சார்."

கீழே கழிப்பறைக் குழாய்களில் அன்று தண்ணீர் வரவில்லை.