ரஹீம் கட்டிய அணி

ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது இரண்டே தடவைகள்: 1951இல் புது டில்லியில், 1962இல் ஜகார்த்தாவில். இரு அணிகளுக்கும் பயிற்றுவிப்பாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் வளர்த்த ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு எதிரிகளை வெட்டி ஓடும் வீரருக்கே அக்காலத்தில் கைதட்டல் அதிகம். ரஹீமுக்கு அது போதவில்லை. வெட்டி விளையாடவே கூடாதென்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டும் உதைக்கும் போட்டிகளும் நடத்தினார். பந்து வந்ததும் கொடுப்பது, கொடுத்ததும் அடுத்த இடத்துக்கு ஓடுவது என்பதை வீரர்களின் உடம்பில் ஏற்றும் வழி அது.

1962 அணியில் நட்சத்திரங்களுக்குக் குறைவில்லை. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் மூவரையும் நாடே அறியும். ஆனாலும் தென்கொரியாவுடனான முதல் ஆட்டத்தில் 0–2 என்று தோல்வி. தாய்லாந்தை 4–1 என வென்ற ஆட்டத்தில், பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. அரையிறுதிக்கு ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை. முன்களத்தின் நடுவுக்கு அனுப்பினார். விட்டுப்போன பின்கள இடத்தை அருண் கோஷ் ஏற்றுக்கொண்டார். தென்வியட்நாமுடனான அரையிறுதியில் கோஸ்வாமி இரண்டு கோல், ஜர்னைல் ஒன்று: 3–2.

கோல் காப்பிலும் இதே கணக்குத்தான். அரையிறுதியில் நின்றவர் பிரத்யுத் பர்மன். இறுதிப் போட்டிக்கு நெடிய உயரமுள்ள பீற்றர் தங்கராஜை ரஹீம் திரும்ப அழைத்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் முன்கள வீரராக ஆடத் தொடங்கி, பின்னர் கோல் காப்பாளராக மாறியவர் தங்கராஜ்.

செப்டம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டம். மறுபடியும் தென்கொரியா, அரங்கு நிறைந்த கூட்டமும் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சலிட்டது. பானர்ஜி முதல் கோலைப் போட்டார், மூன்று நிமிடத்தில் ஜர்னைல் இரண்டாவதைப் போட்டார். 2–1. இந்த வெற்றியை மூன்று நட்சத்திரங்களின் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இடம் மாறி நின்ற பின்கள வீரர்களுக்கு அதில் உரிய பங்கு கிடைக்கவில்லை.

ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்தார். 1970இல் பாங்கொக்கில் இந்தியா வெண்கலம் பெற்றது. அந்த அணியைப் பயிற்றுவித்தவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி.