லேடாங் மலையின் பழம்பெரும் பெரணி

ஜொகூர் மாநிலத்து லேடாங் மலை 1,276 மீட்டர் உயரமுடையது. ஆங்கிலேயர் இதனை ஒபிர் மலை என வழங்கினர். இதன் மேற்பகுதிப் பாறைச் சரிவுகளில், நெடிய காம்பின் நுனியில் விசிறிபோல் விரியும் இலைகளையுடைய ஒரு பெரணி வளர்கிறது. 1829-இல் தாவரவியல் அறிஞர் இராபர்ட் பிரௌன் இதற்கு ‘மத்தோனியா பெக்டினாட்டா’ எனப் பெயரிட்டார். மேத்தன் என்னும் ஆங்கில மருத்துவரின் நினைவாக அமைந்தது முதற்சொல். சீப்புப் போன்றது எனப் பொருள்படுவது இரண்டாம் சொல்.

1854-இல் இம்மலையேறிய ஆல்பிரட் வாலஸ், இப்பெரணி இம்மலையில் மட்டுமே உள்ளதாக 1869-இல் வெளியான தம் நூலில் குறித்தார். பின்னர்த் தீபகற்பத்தின் வேறு மலைகளிலும், சுமத்திராவிலும், போர்னியோவிலும் இது காணப்பட்டது. அதனினும் வியப்பு, இங்கிலாந்தின் யார்க்சயர் பாறைகளில் இக்குடும்பத்து இலைகளின் பதிவுகள் கிடைத்தமையாகும். அவற்றின் வயது ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகள்.

ஒருகாலத்தில் ஐரோப்பாவிலும் தழைத்த குடும்பம் இன்று மலாய்த் தீவுக்கூட்டப் பகுதியில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆதலின், இதனைக் காத்தல் ஒரு மலையின் செடியைக் காப்பதன்று; உலகம் இழந்துவிட்ட ஒரு மரபின் எச்சத்தைக் காப்பதாகும். குளிர்ந்த உச்சியை நாடிய செடிக்கு, வெப்பம் மிகுந்தால் மேலே செல்ல வேறிடமில்லை.