ஆலய நுழைவு மசோதாக்களும் சென்னை மாகாணச் சட்டமன்றமும் (1932–1947)

ஒடுக்கப்பட்ட மக்கள் இந்துக் கோயில்களுக்குள் சென்று வழிபடும் உரிமைக்காகச் சென்னை மாகாணத்திலும் தில்லியிலும் 1932 முதல் 1947 வரை பல மசோதாக்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அறிமுகம் ஆவதற்கே அனுமதி பெறவில்லை. ஒன்று பொதுமக்கள் கருத்துக்கு அனுப்பப்பட்டு அப்படியே கைவிடப்பட்டது. இன்னொன்று தெரிவுக்குழுவுக்கு அனுப்பும் கட்டத்தில் தோற்றது. அந்த மூன்றாவது மசோதாவைக் கொண்டுவந்தவர் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துப் பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா. சட்டமன்றத்தில் ஒரு மசோதா எங்கே பிழைக்கிறது, எங்கே மடிகிறது என்பதை அறிய இந்த வரலாறு நல்ல பாடம்.

செங்கற்பட்டு மாவட்டப் பின்னணி

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் முதன்முதலில் ஒலித்த குரல்களில் இரண்டு செங்கற்பட்டு மாவட்டத்தவை. ஒன்று மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனுடையது, மற்றது எம். சி. ராஜாவுடையது. பரங்கிமலை இன்று சென்னை மாவட்டத்தில் உள்ளது. அன்று அது சைதாப்பேட்டையோடு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

சட்ட மேலவைக்கு 1923இல் நியமிக்கப்பட்ட இரட்டைமலை சீனிவாசன், மறு ஆண்டே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அவை அதை ஏற்றது. அரசும் ஆணை வெளியிட்டது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் அரசுக்கு அவை கூறும் பரிந்துரை. அதை மீறியவரைத் தண்டிக்கத் தனியே சட்டம் வேண்டும், சட்டத்துக்கு மசோதா வேண்டும். ஊர்க் கிணற்றடியில் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். ஆணையின் நகலைக் காட்டித் தண்ணீர் இறைக்க எல்லா ஊரிலும் முடிந்துவிடவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு நகரில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதி வேறுபாட்டைக் கண்டித்துத் தீர்மானங்கள் நிறைவேற்றியபோது, ஆணை வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

எம். சி. ராஜா (1883–1943) தொழிலால் பள்ளி ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். 1920களின் தொடக்கத்தில் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் பின்னர் மத்தியச் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். 1937 ஏப்ரல் முதல் ஜூலை வரை நீடித்த கே. வி. ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சராகவும் பணியாற்றினார். 1932இல் தனித்தொகுதி விவாதம் எழுந்தபோது இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு நின்றார்; ராஜா கூட்டுத்தொகுதியை ஆதரித்துக் காந்தியடிகளின் நிலைக்கு அருகில் நின்றார். 1938இல் அவர் அடைந்த ஏமாற்றத்தின் அளவு புரிய இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மசோதா செல்லும் வழி

மசோதா என்பது சட்டமாக வேண்டிய வரைவு. இன்று தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை அதைச் சட்டமுன்வடிவு என்கிறது. அமைச்சர் கொண்டுவந்தால் அரசு மசோதா. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவந்தால் தனிநபர் மசோதா. முதற்படி அறிமுகம். அவையின் அனுமதி பெற்று மசோதாவை முன்வைப்பதோடு அது முடிந்துவிடும். பெரும்பாலும் எவரும் எதிர்ப்பதில்லை, விவாதமும் நடப்பதில்லை.

உண்மையான போட்டி அடுத்த படியில்தான். மசோதாவை உடனே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம், பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடலாம், அல்லது தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம். இவற்றில் எது என்பதை ஒரு முன்மொழிவின் மூலம் அவை தீர்மானிக்கிறது. அக்காலத் தமிழ் இதழ்கள் தெரிவுக்குழுவைச் ‘செலக்ட் கமிட்டி’ என்றே எழுதின. பல கட்சி உறுப்பினர்களும் அமரும் அந்தச் சிறு குழு மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பார்க்கும், வேண்டியவர்களிடம் கருத்துக் கேட்கும், சொற்களைத் திருத்தும், அறிக்கை தரும். உடன்படாத உறுப்பினர் தம் மாறுபட்ட கருத்தை அறிக்கையோடு இணைக்கலாம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழுவுக்கு அனுப்புவது காலம் தாழ்த்தும் தந்திரமாகத் தோன்றும். சில வேளைகளில் அப்படியும் நடக்கும். ஆனால் நாடாளுமன்ற மரபில் இதற்கு வேறொரு பொருள் உண்டு. தெரிவுக்குழுவுக்கு அனுப்ப அவை இசைந்தால், மசோதாவின் அடிப்படைக் கொள்கையை அவை ஏற்றுக்கொண்டது என்று பொருள். பிறகு குழு விவரங்களைத்தான் மாற்றலாம், கொள்கையை மாற்ற முடியாது. கருத்தறியச் சுற்றுக்கு விடுவதில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆலய நுழைவு மசோதாக்களின் கதை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் சுழல்கிறது.

சுப்பராயன் மசோதா: வாசலிலேயே தடை

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மலபாரில் குருவாயூர்க் கோயில் முன் கேளப்பன் தலைமையில் நடந்த போராட்டமும் நாட்டின் கவனத்தை ஈர்த்திருந்தது. அச்சூழலில் முன்னாள் முதன்மை அமைச்சர் டாக்டர் ப. சுப்பராயன் 1932 நவம்பரில் ஆலய நுழைவுக்குச் சட்டம் வேண்டும் என்று சென்னைச் சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அதைத் தொடர்ந்து மசோதா ஒன்றையும் தயாரித்தார்.

அன்றைய விதிப்படி மாகாண அவையில் சிலவகை மசோதாக்களை அறிமுகம் செய்யவே தலைமை ஆளுநரின் முன் அனுமதி வேண்டும். 1933 ஜனவரியில் வெலிங்டன் பிரபு அனுமதி மறுத்தார். இது ஒரு மாகாணத்துக்கு மட்டும் உரியதன்று, இந்தியா முழுமைக்கும் உரிய விஷயம் என்பது அவர் சொன்ன காரணம். மறுப்பு என்ற சொல்லின் கடுமையைக் குறைத்துக்கொள்ள இது நல்ல காரணந்தான்! மேலவையே விரும்பிக் கேட்ட மசோதாவை மேலவை கண்ணாலும் காண முடியவில்லை.

(முன் அனுமதி என்ற ஏற்பாடு அடியோடு போய்விடவில்லை. இன்றும் பண மசோதாவை மாநிலப் பேரவையில் அறிமுகம் செய்ய ஆளுநரின் பரிந்துரை தேவை.)

ரங்க ஐயர் மசோதா: ஊர் சுற்றி வந்தது

மாகாணத்துக்கு மறுத்த தலைமை ஆளுநர், மத்தியச் சட்டசபையில் சி. எஸ். ரங்க ஐயரின் மசோதாவுக்கு அனுமதி தந்தார். அது 1933 மார்ச்சில் அறிமுகமானது. பின்னர் பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. ஓராண்டுக்கு மேல் கருத்துகள் திரண்டன. இதற்கிடையில் சட்டசபைத் தேர்தல் நெருங்கியது. சனாதனிகளின் எதிர்ப்பும் வலுத்தது. மசோதாவுக்குக் காங்கிரசிடமிருந்து எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை. 1934 ஆகஸ்டில் ரங்க ஐயர் காங்கிரசைக் கடுமையாகச் சாடிவிட்டு மசோதாவைக் கைவிட்டார். எவரும் அதை எதிர்த்து வாக்களித்துத் தோற்கடிக்கவில்லை. சுற்றுக்கு விட்டதால் எவருக்கும் எந்தக் கடப்பாடும் ஏற்படவில்லை.

1938: ராஜாவின் இரு மசோதாக்கள்

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்துக்குப் பேரவை, மேலவை என இரு அவைகள் வந்தன. 1937 ஜூலையில் இராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. அதற்கு முந்தைய நவம்பரில்தான் திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டிருந்தார். காலம் கனிந்ததாகப் பலர் நம்பினர்.

எதிர்வரிசையிலிருந்த எம். சி. ராஜா இரு மசோதாக்களைக் கொண்டுவந்தார். முதலாவது சமூகத் தடைகளை நீக்கும் மசோதா. சாலை, கிணறு, போக்குவரத்து, பொது நிறுவனங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடுப்பது இனி செல்லாது என்றது அது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானமாகக் கேட்டது இப்போது சட்டமாகவே வந்தது. அரசும் ஆதரிக்க, அது 1938ஆம் ஆண்டின் 21ஆம் சட்டமாயிற்று. எதிர்வரிசை உறுப்பினர் ஒருவரின் மசோதா சட்டமாவது அன்றும் அரிது, இன்றும் அரிது.

இரண்டாவது மசோதா கோயிலைத் தொட்டது. அறிமுகத்தில் சிக்கல் எழவில்லை. 1938 ஆகஸ்டில் அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று ராஜா முன்மொழிந்தபோது இராஜாஜி எதிர்த்தார். மாகாணம் முழுவதற்கும் ஒரே சட்டம் என்பதற்கு மக்கள் கருத்து இன்னும் பக்குவப்படவில்லை, திருவிதாங்கூரை அடுத்துள்ள மலபாரில் முதலில் தொடங்கலாம் என்பது அவர் நிலை. மசோதாவைத் திரும்பப் பெறுமாறும் ராஜாவிடம் கேட்டார். ராஜா இசையவில்லை. வாக்கெடுப்பில் காங்கிரசின் பெரும்பான்மை முன்மொழிவைத் தோற்கடித்தது. ராஜா தம் மனக்குறையைக் காந்தியடிகளுக்குக் கடிதமாக எழுதினார். இராஜாஜியை நம்பும்படி காந்தியடிகள் பதில் எழுதினார். இக்கடிதப் போக்குவரத்தை அம்பேத்கர் பின்னாளில் காங்கிரசை விமர்சித்து எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார்.

குழுவுக்கு அனுப்பியிருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கத் தோன்றும். முன்சொன்ன மரபே விடை. குழுவுக்கு அனுப்ப இசைந்திருந்தால், ஆலய நுழைவு என்ற கொள்கையைச் சென்னைப் பேரவை மாகாணம் முழுவதற்கும் ஏற்றதாகிவிடும். வைதிகர்களின் பகையை அவ்வளவு விரைவில் தேட அரசு தயாராக இல்லை. இராஜாஜிக்குக் கோயில் திறப்பில் விருப்பமில்லை என்று கூறுவது நியாயமாகாது. அவர் பல ஆண்டுகள் அதற்காகப் பாடுபட்டவர். ஆனால் வேகத்தைத் தாமே நிர்ணயிக்க விரும்பினார். அந்த வேகத்துக்குக் காத்திருக்க வேண்டியவர்கள் வேறு மக்கள் என்பதே ராஜாவின் வாதம். இதில் ராஜாவின் பக்கமே நியாயம் மிகுதி என்பதை அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகள் காட்டின.

அரசு தன் பங்குக்கு மலபார் ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்து 1938லேயே சட்டமாக்கியது. அந்தந்தப் பகுதியின் சாதி இந்து வாக்காளரில் பெரும்பான்மையினர் இசைந்தால் கோயிலைத் திறக்கலாம் என்றது அச்சட்டம். உள்ளே போக விரும்புபவரின் வாக்குக்கு அதில் இடமில்லை.

1939இன் அவசரம்

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் பி. கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். சட்டம் அப்போது அவர்கள் பக்கம் இல்லை. கோயில் அலுவலர் உட்படப் பலர் மீது வழக்கு வரும் நிலை. ஓராண்டுக்கு முன் பொறுமை கேட்ட அதே அரசு இப்போது விரைந்தது. ஜூலையிலேயே ஆளுநர் எர்ஸ்கின் அவசரச் சட்டம் பிறப்பித்தார். செப்டம்பரில் ஆலய நுழைவு அங்கீகார, காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை எனக் கருதினால் அறங்காவலர்கள் அரசின் இசைவோடு கோயிலைத் திறக்கலாம், ஏற்கெனவே திறந்தவர்கள் மீது வழக்கு நில்லாது என்பன அதன் கூறுகள். மாகாணம் முழுவதற்குமான கொள்கையைப் பேரவை ஏற்றுவிட்டது. அடுத்த மாதமே போரை ஒட்டி அமைச்சரவை பதவி விலகியது.

1939ஆம் ஆண்டுச் சட்டம் அறங்காவலரின் விருப்பத்தைச் சார்ந்தது. கோயிலுக்குள் செல்வது எல்லா இந்துக்களுக்கும் உரிமை என்றானது 1947ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால்தான். ராஜா அதைக் காணவில்லை. நான்காண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

பிற்காலம்

தெரிவுக்குழு என்ற வழி தமிழ்நாட்டுப் பேரவை விதிகளில் இன்றும் இருக்கிறது. மேலவை இருந்த 1986 வரை இரு அவைகளின் கூட்டுத் தெரிவுக்குழுவும் உண்டு. ஆனால் நடைமுறையில் மசோதாக்கள் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் குவிந்து, குழுவைக் காணாமலே நிறைவேறுவது வழக்கமாகிவிட்டது. 2023 ஏப்ரல் 21 அன்று வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிவரை நீட்டிக்க இடந்தரும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தோழமைக் கட்சிகளின் வெளிநடப்புக்கிடையே நிறைவேறியது. மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரை நேராகத் தொடும் சட்டம் அது. மூன்றாம் நாள் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்களை அழைத்துக் கேட்கும் குழு ஒன்று இடையில் இருந்திருந்தால் இந்தச் சங்கடம் நேர்ந்திராது.

ஆலய நுழைவுச் சட்டமோ இன்றும் நடைமுறையில் உள்ளது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் வழிபாடு இல்லை. தொல்லியல் துறையின் சீட்டு வாங்கியவர் எவரும் நுழையலாம். ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயில் வழிபாட்டிலுள்ள திவ்விய தேசம். சட்டம் பேசுவது இத்தகைய கோயில்களைப் பற்றித்தான். 2021 அக்டோபரில் அக்கோயிலின் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் தம்மை விரட்டியதாகப் பூஞ்சேரி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த பெண் ஒருவர் பேசிய காணொளி பரவியது. அறநிலையத்துறை அமைச்சர் பி. கே. சேகர்பாபு நேரில் வந்து அதே கோயிலில் அவரோடு பந்தியில் அமர்ந்து உண்டார். சில நாட்களில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கு வந்து அங்குள்ள மக்களுக்கு வீட்டுமனைப் பட்டாக்களை வழங்கினார்.