மான்கறி வந்த கூடை

கோவளத்தில் வீக்கெண்ட் பார்ட்டி. ஸ்டார்ட்டருக்கு என்ன என்ற பேச்சில் நண்பன் ஒருவன், "மான்கறி கிடைக்குமாடா?" என்றான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு ஜெயில்தான் பதில். ஆட்டுக்கறியைச் சின்னத் துண்டாக நறுக்கி, மிளகு தடவி, கம்பியில் சுடுவதாக முடிவானது.

கம்பியில் சுட்ட கறி பொருநராற்றுப்படையிலேயே இருக்கிறது. கரிகாலன் விருந்தில் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றித் தின்கிறார்கள். தின்று தின்றே பல் கலப்பைக் கொழுவாக மழுங்கிவிட்டதாம்!

மானுக்குப் புறநானூறு 33-க்குப் போகணும். கோவூர்கிழார் பாட்டு. வேட்டுவன் கூடையில் மான்கறி கொண்டுவந்து கொட்டுகிறான். உழவர் வீட்டுப் பெண்கள் அதே கூடையை வெண்ணெல்லால் நிரப்பித் தருகிறார்கள். நமக்கு ஸ்டார்ட்டர், அவனுக்கு அதுதான் சோறு.

சட்டம் மானைக் காப்பாற்றியது, சரிதான். கூடை?

கோவளத்துக்குத் தெற்கே ஈசிஆரில் வடநெம்மேலி. பாம்புத்தோல் வியாபாரத்தை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பும் எழுபதுகளில் சட்டத்தால் நின்றது. 1978-இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. இப்போது பிடிக்கிறார்கள், விஷம் எடுக்கிறார்கள், திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து. காட்டை அறிந்த கைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும். அது வரும்வரை கூடை காலிதான்.