முழுமையற்ற போட்டிகளில் தரவரிசை

எல்லோரும் எல்லோருடனும் மோத வாய்ப்பில்லாத போட்டிகளில், கிடைத்த முடிவுகளை வைத்தே போட்டியாளர்களின் வலுவை மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் கணித முறைகள் பல உண்டு. எத்தனை புள்ளி எடுத்தார் என்பதோடு, யாரிடம் எடுத்தார் என்பதையும் எடைபோடுவதே இவற்றின் அடிப்படை.

மாமல்லபுரம் ஒலிம்பியாட்

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் பொதுப் பிரிவில் 188 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் அனைத்தையும் சந்திக்க 187 சுற்றுகள் வேண்டும், நடந்தவை 11. ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிற்கும் அணிகளை மோதவிடும் சுவிஸ் முறை இதற்குக் கைகொடுத்தது. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. உஸ்பெகிஸ்தான், ஆர்மீனியா இரண்டும் தலா 19 புள்ளிகள் பெற, சமநிலையை முறிக்கும் டை-பிரேக்கில் உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன் ஆகிய தமிழக வீரர்கள் ஆடிய இந்தியா-2 அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

டை-பிரேக்

ஒலிம்பியாட்டின் சோனபோர்ன்-பெர்கர் முறையில், ஓர் எதிரணியிடம் தனித்தனி ஆட்டங்களில் எடுத்த மொத்த ஆட்டப் புள்ளியை அந்த அணியின் இறுதிப் புள்ளியால் பெருக்கிக் கூட்டுவர். மிகக் குறைந்த புள்ளி பெற்ற எதிரணியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 14 புள்ளியில் முடித்த அணியை 3-1 என வென்றால் 42. 8 புள்ளியில் முடித்த அணியை 4-0 என வென்றாலும் 32தான்.

எலோ ரேட்டிங்

அர்பத் எலோ வகுத்த ரேட்டிங் முறையை உலகச் செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. 2600 ரேட்டிங் உள்ளவர் 2400 உள்ளவரிடம் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளி எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. டிரா ஆனால் கிடைப்பது 0.5. குறைந்த 0.26ஐ இந்நிலை வீரர்களுக்குரிய பெருக்கெண்ணான 10ஆல் பெருக்க, அவர் 2.6 ரேட்டிங் புள்ளி இழப்பார். எதிராளி அதே அளவு பெறுவார்.

கணித அடித்தளம்

முழுமையற்ற போட்டிகளில் தரவரிசை காணும் சிக்கலைக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1929இலேயே ஆராய்ந்தார். அவரது முறையில் ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு வலு எண் உண்டு. வெல்லும் வாய்ப்பு இருவரின் எண்களின் விகிதத்தைப் பொறுத்தது. நடந்த முடிவுகள் நிகழும் வாய்ப்பை மிகுதியாக்கும் எண்களே விடை. பிராட்லி, டெர்ரி இருவரும் 1952இல் இதே வாய்ப்பாட்டைத் தனியாக முன்வைத்தனர்.

வரம்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் வீரர்கள் தமக்குள்ளும் ராஜபாளையம் வீரர்கள் தமக்குள்ளும் மட்டுமே ஆடினால், இரண்டு ஊர்களையும் எந்தச் சூத்திரத்தாலும் ஒப்பிட முடியாது. ஊர்விட்டு ஊர் ஆட்டங்கள் நடந்து, இரு பக்கமும் வெற்றிகள் விழ வேண்டும். நியாயமான தரவரிசைக்குச் சூத்திரத்தைப் போலவே ஆட்ட அட்டவணையும் முக்கியம்.