தீபாவளிக்கு முந்திய 21 நாட்கள்

புரட்டாசித் திங்கள் பிறந்துவிட்டால் ஜொகூர் மாநிலத்து இந்துக்கள் பலரின் அடுக்களைகளிலிருந்து மீனும் இறைச்சியும் விலகிவிடும். பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமைகள், அம்பிகைக்குரிய நவராத்திரி, அதனைத் தொடர்ந்து கேதார கௌரி விரதம் எனச் சில வாரங்கள் உணவைச் சுருக்கிக்கொண்டு, அதன் பின்னரே தீபாவளியை எதிர்கொள்வது முன்னோர் வகுத்த முறையாகும். இம்மூன்றையும் முழுமையாகக் கைக்கொள்ளும் இல்லங்கள் இன்று குறைவே.

இவற்றுள் கேதார கௌரி விரதம் தனிச்சிறப்புடையது. புரட்டாசி வளர்பிறைத் தசமியாகிய விசயதசமியன்று தொடங்கி, தேய்பிறை முழுவதும் கடந்து, அமாவாசையன்று நிறைவுறுவதால் 21 நாட்களாகின்றன. அட்டமியில் தொடங்குவோரும் உளர். இறைவனை மட்டுமே வலம்வந்த பிருங்கி முனிவரின் செயலால் மனம் நொந்த அம்பிகை, கௌதம முனிவரின் ஆசிரமத்தில் இவ்விரதம் நோற்று, சிவபெருமானின் திருமேனியில் பாதியைப் பெற்றாள் என்பது புராண வரலாறு. நோற்போர் நாள்தோறும் ஒருவேளை மட்டும் சைவ உணவு கொள்வர். இறுதி நாளில் உபவாசம் இருந்து, 21 இழை நூலால் ஆன காப்பினை அணிவர். தீபாவளியும் அமாவாசையும் ஒரே நாளில் கூடும் ஆண்டுகளில், காலையில் ஆட்டுக்கறி மணக்கும் அதே வீட்டில், நோன்பிருக்கும் பெண்மணி மாலைப் பூசை முடியும்வரை ஒன்றும் உண்ணாதிருப்பதைக் காணலாம்.

யாழ்ப்பாணத் தமிழரிடையே இந்நோன்பு ஆழ வேரூன்றியது. மலாயாவின் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிய வந்த அவர்கள் அதனைத் தம்முடன் கொணர்ந்தனர். 1909-இல் சிகாமட், லாபீஸ், குளுவாங், கூலாய் வழியாக ஜொகூர் பாருவரை இருப்புப்பாதை இணைந்தது. இரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழகத்து மக்களோ புரட்டாசிச் சனிக்கிழமையைப் போற்றினர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பின் மரம் சீவச் சென்றவர்கள் வயிற்றைச் சுருக்கி விரதமிருந்தது எளிய செயலன்று.

மழைக்காலத்தின் முகப்பில் செரிமானம் குன்றும், ஆதலால் புரட்டாசியில் புலால் தவிர்த்தனர் என்று விளக்கம் கூறுவதுண்டு. அது தமிழகத்துப் பருவத்துக்குப் பொருந்தலாம். ஆண்டு முழுவதும் மழை பொழியும் ஜொகூருக்கு அது பொருந்தாது; இங்கு இவ்வழக்கம் நிலைத்ததற்குப் பருவமன்று, பக்தியே காரணம்.

1942 ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்துச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. பர்மா, சயாம் அரிசியை நம்பியிருந்த நாட்டில், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பதினாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். உணவு இருக்கையில் விலக்குவது விரதம். இல்லாமையால் உண்ணாதிருப்பது பட்டினி. அந்த மூன்றரை ஆண்டுகளின் பட்டினியை விரதக் கணக்கில் சேர்த்தல் தகாது.

நவராத்திரியை ஒட்டியே சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் பெரும்பாலும் நிகழ்கிறது. அவர்களும் 9 நாட்கள் சைவம் உண்பர். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் இந்துக்களும் வாங்கி உண்கின்றனர். ஆயினும் மாவிலும் சோயாவிலும் செய்து எண்ணெயில் பொரித்த போலிக் கோழியையும் போலி ஆட்டிறைச்சியையும் வயிறார உண்டுவிட்டு, அதனை நோன்பென்று கொள்வது நகைப்புக்குரியது. புலால் நீங்கியதேயன்றி உண்டி சுருங்கவில்லை.

இது வெறும் ஆசார விவாதமன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் நிறையும் நாட்களுக்கு முன் வரும் இந்த 21 நாட்களை, பசித்தபின் ஒருவேளை, அதுவும் அளவோடு என்ற பழைய முறைப்படியே கழிக்கும் மூதாட்டியர் இன்னும் உள்ளனர். இன்சுலின் முதலிய மருந்து கொள்வோர் மட்டும், வேளை தவறினால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடுமாதலால், காப்பு நூல் வாங்குமுன் மருத்துவரைக் கண்டு வருதல் வேண்டும்.