கச்சேரியும் வரலாறும்: அறிஞர் அஸீஸ்

வெள்ளைக்காரன் காலத்தில் சிவில் சேவையை விடப் பெரிய உத்தியோகம் நாட்டில் இருக்கவில்லை. 1935இல் அதில் சேர்ந்த முதல் முஸ்லிம் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் கற்ற பாடம் வரலாறு. உத்தியோகம் வந்த பின்னும் அது அவரை விடவில்லை.

1942இல் யுத்தத் தட்டுப்பாட்டு நேரம் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதே வேலை. காடு வெட்டி வயலாக்கக் காணி கொடுத்தார். 'அஸீஸ் துரைக் கண்டம்' என்று ஒரு வயற்பரப்புக்கு ஊரார் பெயரே வைத்துவிட்டார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் நட்பும் அக்காலத்தில் அவருக்கு வாய்த்தது. கிழக்கு முஸ்லிம்களின் வாழ்வையும் கல்விக் குறையையும் கிட்ட நின்று கண்டார். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டு ஸாஹிறாக் கல்லூரி அதிபரானார்.

எங்கட வரலாறு பற்றிய வாதம் அதற்கு முன்பே நடந்ததுதான். சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் எழுதினார், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுத்தார். இரண்டும் ஆங்கிலத்தில். யாரைப் பற்றிய வழக்கோ, அவர்களில் பலருக்கு அது விளங்கவே இல்லை. ஏ.எம்.ஏ. அஸீஸ் ஆங்கிலத்திலும் எழுதினார். இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தில் இலங்கை பற்றிய கட்டுரை அவருடையது. ஆனால் 'இலங்கையில் இஸ்லாம்' நூலை, எங்கட உம்மாமார் பேசும் தமிழில் 1963இல் தந்தார். அரபுத் தமிழை அன்புத் தமிழ் என்று கொண்டாடினார். 1956இல் தனிச் சிங்களக் கொள்கையை ஏற்ற தன் கட்சியை விட்டு விலகியதும் இதே பற்றால்தான்.

1973 நவம்பரில் அவர் மறைந்தார். 1990 ஒக்டோபரில் அவர் பிறந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். உறுதியும் நிக்காஹ் பதிவும் பள்ளிக் கணக்கும் எடுத்துக்கொண்டு ஓடவா நேரம் இருந்தது? எழுதி அச்சேறியதுதான் பல இடங்களில் இன்று மிஞ்சியிருக்கிறது. பெட்டகத்தில் கிடக்கும் அரபுத் தமிழ்க் கிதாபையும் பழைய உறுதியையும் படி எடுத்து வைக்க சிவில் சேவை உத்தியோகம் தேவையில்லை. ஒரு கிராம உத்தியோகத்தரும், பள்ளிக் கணக்கப்பிள்ளையும் மனம் வைத்தால் போதும்.